பொட்டுக்கட்டு மசோதா பட்ட பாடு



சட்டசபைக்கு ஒருவரை அனுப்பினால் அவர் அங்கே என்ன செய்தார் என்று நம் மக்கள் கேட்பதில்லை. ஓட்டுக் கேட்க வரும்போது மாலை போடுகிறோம். ஜெயித்து வந்தால் மேளம் கொட்டுகிறோம். பிறகு அடுத்த தேர்தல் வரையில் கோயில் காளையைப்போல் அவரை அவிழ்த்து விட்டுவிடுகிறோம். அவர் கொண்டுவந்த மசோதா எது, அது எந்தப் படியில் நிற்கிறது, அதைத் தடுத்தவர் யார் என்று கேட்பவர் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. இப்படிக் கேளாதிருந்ததனால் நேர்ந்த நஷ்டத்துக்கு, சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் செய்த வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அம்மையார் 1927-இல் அச்சபையின் உபதலைவரானார். அவ்வருஷம் நவம்பர் மாதத்திலேயே, பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சட்டம் செய்து நிறுத்தவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறிற்று. ஆனால் தீர்மானம் என்பது என்ன? சர்க்காருக்குச் செய்யும் சிபாரிசுதானே! சிபாரிசினால் எந்தப் பெண்ணின் கழுத்துப் பொட்டும் அறுந்து விழாது. இதை அறிந்துதான் அம்மையார் அத்தோடு திருப்தியடையாமல் மசோதாவில் இறங்கினார்.

முதல் மசோதாவில் அவர் எதைத் தொட்டார் என்பதை நாம் நன்றாகக் கவனிக்கவேண்டும். அவர் தொட்டது நிலத்தை. கோயில் ஊழியத்துக்கென்று தாசிகளுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. நிலம் கையில் இருக்கவேண்டுமானால் ஊழியம் நடக்கவேண்டும். தான் ஓய்ந்துபோனால், பெற்ற பெண்ணையோ தத்தெடுத்த பெண்ணையோ அதே வேலைக்கு விடவேண்டும். ஆகவே பொட்டு என்பது பார்வைக்குக் கடவுள் கட்டிய தாலியாக இருந்தாலும், உள்ளபடி அது நிலத்தில் முடிந்த கயிறேயாகும். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்துக்குச் செய்த திருத்தத்தினால், ஒரு தீர்வை கட்டி அந்நிலத்தை அப்பெண்களே ஊழியமின்றி அனுபவிக்கலாம் என்று ஏற்பட்டது. “பொட்டை எடுத்துவிட்டால் வயிற்றுக்கு என்ன வழி?” என்ற கேள்விக்கு அதுதான் யோக்கியமான பதில்.

ஆனால் மானியம் இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. புதிதாகப் பொட்டுக் கட்டுவதையும் அது தடுக்கவில்லை. பீனல் கோடில் அப்போது பிரிவு இருந்ததே என்பார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணை விபசாரத்துக்கு விடும் எண்ணத்தோடு விட்டார்கள் என்று ருசுப்படுத்தினால்தானே அந்தப் பிரிவு வேலை செய்யும்! கோயிலுக்குள் மந்திரம் சொல்லிச் செய்கிற காரியத்தில் எண்ணத்தை யார் ருசுப்படுத்துவது? ஆகவே 1930-இல் பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அம்மையார் கொண்டுவந்தார்.

அதற்கு எவ்வளவு கூக்குரல்! மதம் போகிறது என்றார்கள். கலை அழிகிறது என்றார்கள். தேசியப் பேச்சில் பேர்பெற்ற சத்தியமூர்த்தி முதலானவர்களே இம்முயற்சிக்கு எதிரிகளாய் நின்றார்கள். கலை வாழ ஒரு சாதிப் பெண்கள் மட்டும் பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டுமாம்! சங்கீதமும் நாட்டியமும் அவ்வளவு புனிதமானால் எல்லா வீட்டுப் பெண்களும் கற்றுக்கொள்ளட்டுமே. அதற்குப் பொட்டு எதற்கு?

மசோதா பொதுஜன அபிப்பிராயத்துக்கு விடப்பட்டது. அவ்வருஷமே காந்தியார் கைதானதைக் கண்டித்து அம்மையார் சபையைவிட்டு ராஜினாமாச் செய்தார். கேட்பார் இல்லாமல் மசோதாவும் செத்தது. நாம் அம்மையாரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் போனபின் அச்சபையில் நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் இருந்தார்களே, அவர்களை நாம் ஏன் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி. வெளியிலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ப் பேசினார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலும் எழுதினார். ஆனாலும் சட்டம் வர 1947 ஆயிற்று. பொட்டுக்கட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அப்போதுதான் ஏற்பட்டது. இடையில் போனவை பதினேழு வருஷங்கள். 1930-இல் பிறந்த பெண் குழந்தை வளர்ந்து பொட்டுக் கட்டப்படுவதற்கு அது போதுமான காலமல்லவா? அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்லுவது?

தோழர்களே! இன்றைக்கும் சட்டசபை கலைந்தால் அதில் தொங்கும் மசோதாக்கள் கூடவே காலாவதியாகின்றன. ஆதலால் உங்கள் அங்கத்தினர் ஊருக்கு வரும்போது மாலையோடு மூன்று கேள்வியையும் கொண்டுபோங்கள். என்ன மசோதா கொண்டுவந்தீர்? அது எந்தப் படியில் நிற்கிறது? மற்றவர் கொண்டுவந்ததற்கு எந்தப் பக்கம் ஓட்டுக் கொடுத்தீர்? பதில் சொன்னால் மாலையைப் போடுங்கள். சொல்லாவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள்.