தாகம் எடுக்கும் இடத்தில் தண்ணீர்ப் பந்தல்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நூலகரைப் பேசச் சொன்னால் 'சைலன்ஸ் ப்ளீஸ்' என்பதைத் தவிர வேறென்ன பேசுவான் என்று நீங்கள் நினைக்கலாம்! நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வேறொரு ஊர்க் கல்லூரியில் நான் நூலகராக இருந்த காலம். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்து, அட்டைப் பட்டியல், அலமாரி எண், மேற்கோள் நூல்கள் என்று ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவேன். கடமை முடிந்தது என்று நிம்மதி. ஒரு வருஷம், எம்.ஏ. வரலாறு படித்த ஒரு பெண் ஓடி வந்தாள். "சார், செங்கம் பக்கத்து நடுகல் பத்தி ஏதாவது புஸ்தகம் இருக்குங்களா? நாளன்னிக்கு ப்ராஜெக்ட் குடுக்கணும்" என்றாள். இரா. நாகசாமி பதிப்பித்து, 1972-ல் தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' எங்கள் அலமாரியிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பின்னட்டைச் சீட்டில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. அவள் ஏற்கெனவே ஒரு டைப்பிங் கடையில் காசு கொடுத்து, யாரோ எழுதியதை அடித்து வாங்கி வைத்திருந்தாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இருக்குன்னு போன வருஷமே தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன் சார்" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கிரிவலம் 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்து வாசலிலேயே ஒரு குடம் தண்ணியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்கன்னு யாராவது சொல்வாங்களா? நடக்கிறவனுக்கு எங்கே தாகம் எடுக்குமோ அங்கேதான் பந்தல் போடுவார்கள். நானோ ஜூன் மாதத்திலேயே குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

தாகம் எங்கே எடுக்கும் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்குப் பெயர் பாடத்திட்ட வரைபடம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எல்லாத் துறைகளின் சிலபஸையும் வாங்கினேன். ஒரு சார்ட் பேப்பரில் மேலே ஆறு செமஸ்டர், பக்கவாட்டில் துறைகள், கட்டம் போட்டேன். எந்தத் தாளில் கட்டுரை எழுத வேண்டும், எதில் செமினார், எதில் ப்ராஜெக்ட், அதற்கு என்ன மாதிரி நூல் வேண்டும், மாணவனுக்கு என்ன தேடத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதினேன். பிறகு, ஒரு திறமை எங்கே அறிமுகமாகிறது, எங்கே பழக்கமாகிறது, எங்கே தேர்ச்சி பெற வேண்டும் என்று மூன்று நிறத்தில் குறித்தேன். எம்.ஏ. வகுப்புகளுக்கு நான்கு செமஸ்டரில் தனியாக ஒன்று.

பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு துறைக்கு ஒரே பாடத்தை மூன்று தடவை நடத்தியிருக்கிறேன். வரலாற்றுத் துறைக்கோ, ப்ராஜெக்ட் வரும் கட்டத்தில் ஒன்றுமே இல்லை!

ஆசிரியர்களிடம் போனேன். "சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, உங்களுக்கு எங்கேய்யா பீரியட் தர்றது?" என்றார்கள். நியாயம்தான். தனியாகப் பீரியட் வேண்டாம், தலைப்பு கொடுக்கிற வாரத்தில் அரை மணி நேரம் போதும் என்றேன். வரைபடத்தைக் காட்டியதும் ஒருவர் ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் இன்னும் இருவர். வேலை இப்படித்தான் நகர்ந்தது.

இதற்கெல்லாம் முன்னோடி நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகனிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை 1931-லேயே விதியாக எழுதி வைத்தவர். வகுப்பறையும் தெரிந்து நூலகமும் தெரிந்தவர் என்பதுதான் அவருடைய பலம் என்று நான் நினைப்பதுண்டு.

இப்போது கணினி வந்துவிட்டது. 2010 முதல் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஆயிரக்கணக்கான இதழ்களும் மின்நூல்களும் கிடைக்கின்றன. ஆனால் கடவுச்சொல்லை முதலாண்டில் கொடுத்தால் மூன்றாம் ஆண்டில் யாருக்கு நினைவிருக்கும்? கருவி மாறினாலும் கணக்கு அதேதான்.

கடைசியாக ஒன்று. நம் அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளை பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. கோபுரத்து நிழலில் வளர்ந்து வரலாறு படிக்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு நூல் இருப்பது எந்தச் செமஸ்டரில், யார் வாயால் தெரிய வேண்டும்? அதைத்தான் நாம் குறித்து வைக்க வேண்டும்.

நூலகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஆசை. பீரோ வாங்கித் தருவதற்கு முன், துறைத் தலைவர்களையும் நூலகரையும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார வைப்போம். சார்ட் பேப்பர் செலவு என்னுடையது!