நூற்று மூன்று கையொப்பங்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘நாம் கொஞ்சப் பேர், நம்மால் என்ன செய்ய முடியும்?’ சென்ற கூட்டத்தில் நமக்குள் எழுந்த கேள்வி இது. அதற்குப் பதிலாக இன்று ஒரு கிராமத்தைப் பற்றிப் பேசுவோம்.

பிரான்ஸ் நாட்டின் தெற்கே லார்சாக் என்றொரு மேட்டுநிலம். சுண்ணாம்புக் கல் நிறைந்த வறண்ட பூமி. அங்கே லா பிளாக்கியேர் என்பது சில வீடுகளே உள்ள சிற்றூர். செம்மறி ஆடு வளர்ப்பதுதான் அந்தப் பகுதியின் பரம்பரைத் தொழில். அந்த ஆட்டுப் பாலில்தான் உலகப் புகழ் பெற்ற ரோக்ஃபோர் சீஸ் செய்கிறார்கள்.

1971 இல் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது. அங்கிருந்த இராணுவ முகாமை 3,000 ஹெக்டேயரிலிருந்து 17,000 ஹெக்டேயராகப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்று. பட்டிகளும் மேய்ச்சல் நிலமும் பறிபோகும் நிலை.

அவர்கள் போராடிப் பழகியவர்கள் அல்லர். தேவாலயமும் பட்டியுமாக வாழ்ந்த குடியானவர்கள். 1972 மார்ச்சில் காந்தியடிகளின் சீடரான லான்சா டெல் வாஸ்தோ அங்கு வந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அம்மாத இறுதியில் 103 விவசாயிகள் ஒன்றாக ஒப்பமிட்டார்கள்: நிலத்தை இராணுவத்துக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் 60 ஆடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஈபிள் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். 1973 இல் லா பிளாக்கியேரில் அனுமதி இல்லாமலே கல்லால் பெரிய ஆட்டுப்பட்டி கட்டத் தொடங்கினார்கள். வெளியூர் இளைஞர்கள் வந்து கூடமாட உழைத்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் பெருங்கூட்டத்துக்கு, வேலையைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்த லிப் கடிகாரத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வந்தார்கள். விவசாயியும் தொழிலாளியும் ஒன்றாக நின்றார்கள்.

இலகுவில் முடியவில்லை. 1975 இல் லா பிளாக்கியேரில் ஒரு வீடு இரவில் குண்டுவெடித்துத் தகர்ந்தது. பிள்ளைகளோடு அந்தக் குடும்பம் உயிர் தப்பியது. ஊர் பின்வாங்கவில்லை. 1978 இல் பாரிஸுக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் நடந்தே போனார்கள். 1981 இல் ஜனாதிபதியான பிரான்சுவா மித்தரான் திட்டத்தைக் கைவிட்டார். பத்து வருடப் போராட்டம்!

வெற்றிக்குப் பின் செய்ததையும் நாம் கவனிக்க வேண்டும். முகாமுக்கென அரசு வாங்கியிருந்த சுமார் 6,300 ஹெக்டேயர் காணியை 1985 இல் விவசாயிகளே நடத்தும் அமைப்பு நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. உழைக்கும் காலம்வரை ஒருவருக்கு அந்தப் பண்ணை. ஓய்வு பெறும்போது விற்க முடியாது. அடுத்த விவசாயிக்குப் போகும். யாருக்கு என்பதை அவர்களே கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. அவர்களில் பலருக்குக் காணி உறுதி இருந்தது. நமக்கோ, தலைமுறை தலைமுறையாக உழைத்தும் இருக்கிற லயத்துக் காம்பராவுக்கே உறுதியில்லை. ஆனால் ஆளைத் தனித்தனியாகப் பிரித்துப் பேசும் வழக்கம் எங்கும் ஒன்றுதான். அதை அடைத்தது அந்த 103 கையொப்பம்.

ஆகவே ஒரு முடிவுக்கு வருவோம். வீடு, காணி சம்பந்தமாக எந்தப் படிவம் வந்தாலும் தனியாக ஒப்பமிட மாட்டோம். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்போம். கமிட்டிக்குக் கொண்டுவருவோம். எல்லாரும் விளங்கிக்கொண்ட பிறகு, எல்லாரும் சேர்ந்தே ஒப்பமிடுவோம்.