நோவும் நடையும் எலியின் நரம்பும்

(ஓசூரில் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பட்ட உரை)



வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குப் பணிக்கு வந்த குடும்பங்களில் தீராத முதுகுவலி புதிய செய்தியன்று. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றவர் மருத்துவரை நாடினால், படுத்தே கிடக்க வேண்டாம், நாள்தோறும் நடங்கள் என்கிறார். நடந்தால் வலி குறைவதை மனிதரிடமே கண்டறிந்தனர். அது ஏன் குறைகிறது என்பதை அறியவே எலிகளை நாடினர்.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எலியின் தண்டுவடத்திலிருந்து பின்னங்காலுக்குச் செல்லும் நரம்பு இறுகக் கட்டப்பட்டது. மெல்லிய இழை பாதத்தில் பட்டாலே எலி காலை இழுத்துக்கொண்டது. சில வாரங்கள் ஓடுபட்டையில் ஓடவிட்டபின் அந்த வேதனை தணிந்தது. உடல் தானே சுரக்கும், அபினையொத்த வலியடக்கிகள் மூளையில் மிகுந்திருந்தன. அவற்றைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் வலி மீண்டது. ஓட்டத்தை நிறுத்தினாலும் ஐந்தே நாளில் மீண்டது. எலிக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. எனினும் ஒரு வாரம் நடந்துவிட்டு நிறுத்துவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகையாகச் சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல். வண்டிமாட்டை நினைந்து சொன்னவை போலத் தோன்றும். ஆய்வுக்கூடத்திலோ கட்டு நரம்பு வரை செல்கிறது. இல்வாழ்வு, தொழில், தற்காப்பு ஆகியவற்றால் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது. சங்கல்ப இம்சையை விலக்கியே ஆக வேண்டும். நோவை உண்டாக்கவென்றே நரம்பைக் கட்டுவதைத் தொழில் இம்சை என்று சொல்லித் தப்ப முடியுமா?

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பொம்மசந்திராவில் மருந்தாய்வு நிறுவனங்கள் உள்ளன. படித்த சமணப் பிள்ளைகள் வேலைக்குச் செல்லக்கூடிய இடங்கள் அவை. அப்பிள்ளைகளைக் குறை கூறுமுன், பெரியோர் அன்றாடம் விழுங்கும் மாத்திரையும் விலங்குச் சோதனையைக் கடந்தே வந்தது என்பதை நினைக்க வேண்டும்.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மேற்கொண்ட முயற்சியின் பயனே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அது சோதனையைத் தடை செய்யவில்லை. இயன்ற இடமெல்லாம் தவிர்க்கப் பணிக்கிறது. ஆய்வு நிறுவனங்களின் விலங்கு நெறிமுறைக் குழுவில் அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. விலங்கு ஏன் தேவை, எத்தனை தேவை, அதன் வலி எவ்வாறு தணிக்கப்படும் என்று ஆய்வாளர் எழுதித்தரும் விண்ணப்பம் அவர் பார்வைக்கும் வருகிறது. மனிதரை நடக்கச் செய்தே அறியக்கூடியதை அறிய இன்னுமொரு நரம்பைக் கட்டுவானேன் என்று அவர் கேட்கலாம். அந்த இருக்கைக்குத் தகுதியுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இச்சபையிலேயே பலர் அமர்ந்திருக்கிறார்கள்.