பூத்தும் காய்க்காத கள்ளி

பெங்களூரில் அல்சூர் பக்கம் பழைய வீட்டு மதில்களைப் பார்த்தபடி நடந்தவர்களுக்கு இந்தச் செடி தெரிந்திருக்கும். மாடி உயரத்துக்குப் பச்சைத் தூணாக நிற்கும். ஐந்தாறு விளிம்பு, விளிம்பு நெடுக முள். பெயர் செரியஸ், லத்தீனில் மெழுகுத்திரி என்று பொருள்.

நம்ம ஊர்ச் சதுரக்கள்ளிதானே என்று கை வைத்துவிடாதீர்கள். அதைக் கிள்ளினால் பால் வடியும், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. இதில் பால் கிடையாது. தென்அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்று, இலையையே முள்ளாக்கிவிட்டு, தண்டால் ராத்திரியில் மூச்சு விடுகிற செடி. பூப்பதும் ராத்திரியில்தான்.

அந்த ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். நான் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். அல்சூரில் ஒரு பாட்டியம்மா எனக்கு ஆள் அனுப்புவார்: "தம்பி, இன்னைக்கு விரியும்போல இருக்கு, வா." எட்டு மணிக்கு மொட்டின் நுனி லேசாக விலகும். பத்து மணிக்குள் சாணளவுக்குச் சற்றுக் குறைவாக வெள்ளைவெளேரென்று ஒரு பூ. உள்ளே நூற்றுக்கணக்கில் மகரந்தத் தாள்கள். டார்ச் அடித்தால் விட்டிலும் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரும். காலை வெயில் ஏறியதும் எல்லாம் தொங்கிவிடும். எத்தனை பேர் இதைப் பார்க்காமலே தூங்கியிருப்போம்!

பாட்டியம்மாவுக்கு ஒரு குறை. "இருபது வருஷமாப் பூக்குது, ஒரு பழம் கண்ணுல காட்டல." காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். செரியஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இன்னொரு செடி வேண்டும். அடுத்த தெருவில் ஒன்று பூத்திருந்தது. ஓவியத் தூரிகையில் மகரந்தத்தைத் தொட்டு வந்து சூல்முடியில் தடவினேன். நாலாம் நாள் பூ காம்போடு உதிர்ந்தது.

பாட்டியம்மாதான் போகிறபோக்கில் சொன்னார்: "அந்த வீட்டுச் செடியா? நான் ஒடிச்சுக் குடுத்த துண்டுதானே அது."

தலையில் அடித்துக்கொண்டேன். துண்டு நட்டு வளர்ந்தது இரண்டாவது செடியே இல்லை, நேயர்களே. அதே செடிதான் இன்னொரு வீட்டில் நிற்கிறது. விசாரித்தால் அந்த வட்டாரம் முழுக்க அவர் கொடுத்த துண்டுகள்! கடைசியில் மல்லேஸ்வரத்தில் வேறு வழியில் வந்த ஒரு செடி கிடைத்தது. ராத்திரி பத்தரைக்கு மகரந்தத்தைத் தீப்பெட்டியில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டு வந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து முள்ளே இல்லாத சிவந்த பழம் ஒன்று தானாகவே வெடித்து நின்றது. உள்ளே வெள்ளைச் சதை, எள் தூவியதுபோல் கறுப்பு விதை. மெல்லிய இனிப்பு. விதை பல்லில் நறுக்கென்று கடிபடும். குளிரவைத்துச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இதைத் தோப்பாக வளர்த்து 'கூபோ' என்று விற்றிருக்கிறார்கள்.

நீங்கள் கடையில் வாங்கும் டிராகன் பழம் இதன் உறவுக்காரன். தூணாக நிற்காது, பற்றிப் படரும். 2021 ஜனவரியில் குஜராத் அரசு அதற்குக் கமலம் என்று பெயர் வைத்தது. தும்கூர் அருகே ஹிரேஹள்ளியில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் அதற்கான ஆய்வு நடக்கிறது. அதையும் விரிவாகப் பேச ஆசைதான். கடிகாரம் கண்ணை உருட்டுகிறது.

செரியஸை நட்டால் வடிகால் மண், நல்ல வெயில், குறைவான தண்ணீர். மொட்டு விரியும் ராத்திரி ஒரு தூரிகையோடு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவருடைய செடி யார் கொடுத்த துண்டு என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.