மீண்டும் மிதிவண்டியில்



ஒருகாலத்தில் மிதிவண்டி நகரம் எனப் பெயர்பெற்றிருந்த இப்புனே நகரில், மிதிவண்டியினின்று வீழ்ந்த எம்மைப் பேச அழைத்தமைக்கு நன்றி.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில், எமது 48ஆம் வயதில், சறுக்கி வீழ்ந்து முழங்காற் சில்லை முறித்துக்கொண்டோம். 6 வாரம் கட்டு. அதனை நீக்கிய அன்று தையற்காரர் நாடாவால் தொடையை அளந்தோம். அடிபட்ட கால் 2 அங்குலம் இளைத்திருந்தது. வலியினும் அவ்வளவே எம்மை அச்சுறுத்தியது. இயங்காத தசை சில நாட்களிலேயே மெலியும். மீண்டும் திரளப் பல திங்கள் ஆகும்.

மருத்துவர் முதலிற் பணித்தது மிதிவண்டியன்று. படுத்தவாறு காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது. சிறுபிள்ளை வேலையென நகைத்தோம். 10 முறை செய்வதற்குள் வியர்த்தது. பின்னர் வீட்டில் நிலைவண்டியைச் சுமையின்றி மிதித்தோம். மிதிகட்டை கீழே நிற்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையை உயர்த்தினோம். இருக்கை மிகத் தாழ்ந்தால் சில்லின்மேல் அழுத்தம் கூடும். முப்பது ஆண்டுகள் தாழ்த்தியே ஓட்டியிருக்கிறோம்!

நான்காம் திங்களில் மூச்சு பழைய நிலைக்கு வந்தது. ஆங்குதான் தவறினோம். இதயமும் நுரையீரலும் விரைந்து தேறும். எலும்பும் தசைநாணும் மெல்லவே தேறும். மூச்சை நம்பிச் சிங்ககட் மலைச்சாலையில் ஏறினோம். முழங்கால் வீங்கி, மேலும் 3 வாரம் வீட்டிலிருந்தோம்.

இப்பொழுது ஞாயிறுதோறும் சமநிலத்தில் 12 கிலோமீட்டர் செல்கிறோம். மலைச்சாலைக்கு மருத்துவர் இன்னும் இசையவில்லை. கேட்பதை யாமும் விடவில்லை.