மழைக்காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும்

(தேக்காவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலைத்தோட்டத்து மக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த மலை புக்கிட் தீமா, ஏறத்தாழ 164 மீட்டர். மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆனைமுடி 2,695 மீட்டர். அந்தச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கேரளத்தில் அவர்கள் மொழிச் சிறுபான்மையினர்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியே போனது விடிந்த பிறகுதான். பெரியவரை பாலம் மழையில் போயிருந்ததால் மீட்பு வண்டிகளும் தாமதமாயின. மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். ஏன் இந்தப் பாகுபாடு என்று மூணாறில் அப்போதே கேட்டார்கள்.

எல்லோரும் "இயற்கைச் சீற்றம்" என்றார்கள். அந்தச் சொல் வழக்கறிஞர் காதில் வேறு மாதிரி விழும். அப்போது நடப்பில் இருந்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். கம்பெனி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1981இல் அதில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கூடவே ஒரு விதிவிலக்கும் வைத்தார்கள். இடிந்ததற்கு முழுமையாகவும் நேரடியாகவும் இயற்கைச் சீற்றமே காரணம் என்றால் தர வேண்டியதில்லை. பழைய சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. விதிவிலக்கும் கூடவே போயிருக்கிறது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: முழுமையாக இயற்கையா? லயத்தை அந்த இடத்தில் கட்டியது மழையா?

இதற்குச் சாட்சி கோடையில் கிடைக்காது. பெட்டிமுடிக்குப் பிறகு வந்த ஓர் ஆடி மாதத்தில் அந்தப் பக்கத்து மலைகளில் விவரம் சேகரிக்கப் போனோம். ரோடு அடைபட்டிருந்தது. அடுத்த தோட்டத்துக்கு மலைமுகட்டைத் தாண்டி நடந்தே போனோம். வழிகாட்ட வந்த அக்கா கொழுந்து எடுப்பவர். சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அட்டைக்குப் பயந்து காலில் மூக்குப்பொடி தடவினோம், தடவியும் கடித்தது. நோட்டுப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தேன்.

முகட்டில் நின்று பார்த்தால் கீழே லயம். அதற்கு நேர் மேலே ஓர் ஓடை. கோடையில் பார்வையிட வரும் அதிகாரிக்கு அது வெறும் பள்ளம், அறிக்கையில் ஒரு வரிகூட வராது. ஆடியில் அது லயத்துப் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் செவந்து வந்தால் மேலே மண் இளகுகிறது என்று அர்த்தமாம், அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்குவதில்லை என்றார் அந்த அக்கா. மேலிடத்தில் சொன்னீர்களா என்று கேட்டேன். வருஷா வருஷம் வாயால் சொல்கிறோம் என்றார். எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பிறகு ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கலாம். வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. சொந்த மண் ஒரு சென்ட் கிடையாது.

எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா? இலங்கையில் பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. போக நிலம் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 அன்று மண் விழுந்தது. இறந்தவர் தொகையை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லிப் பிறகு குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது இங்கே தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020இல் பார்த்தவர்கள் அவர்கள்.

உங்களில் சிலருக்கு மூணாறிலோ, வால்பாறையிலோ, பதுளையிலோ சொந்தம் இருக்கும். இன்று இரவே போன் போடுங்கள். மழை பெய்யும்போது ஓடை எங்கே வருகிறது, சுவரில் எங்கே வெடிப்பு என்று போட்டோ எடுத்துத் தேதியோடு அனுப்பச் சொல்லுங்கள். மேலிடத்துக்குச் சொல்வதை மனுவாக எழுதி, நகலில் ஒரு கையெழுத்தோ முத்திரையோ வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருகிறோம். கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம்.