செவிலியர் பணியும் மனநிறைவும்



நம் கடலில் முத்துக் குளித்தவர், தோணியில் கயிறு பிடித்தவரை நம்பியே மூழ்கினார். செவிலியருக்கும் அத்தகைய பிடி வேண்டும்.

பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அது மீறப்படும்போது உணவும் உறக்கமும் கெட்டு, உள்ளத்துக் கனிவும் வற்றுகிறது.

2015இல் தமிழ்நாடு அரசு மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தச் செவிலியரை நியமித்தது. அதே பணிக்கு நிரந்தரச் செவிலியர் மிகுதியாகப் பெற்றனர். பணிநிரந்தரம் கோரி 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர் சென்னையில் திரண்டனர்.

கூலியில்லா வெட்டிவேலையை நம் முன்னோர்மீது சுமத்தியவர்கள் அதனைக் கடமை என்றே சொன்னார்கள். ஆகவே, 'தொண்டு' என்னும் புகழுரையோடு நாம் அமைந்துவிடலாகாது. பணியேற்கும் நம் பெண்மக்கள் ஊதியம், ஓய்வு, நோயாளிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேட்டறிய வேண்டும். சங்கமாய் நின்று பெறவும் வேண்டும்.